அளவு மாறாத செருப்பு

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் மாஸ்டர் தன் மனைவிக்குச் செருப்பு தைப்பது வழக்கம். அளவெடுத்துச் செருப்பும் ஷூவும் தைத்துத் தரும் கடை ஒன்றில் தோல் வெட்டுகிறவர் அவர். முதலாளியிலிருந்து எதிர்க்கடைப் பழக்காரர் வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். மனைவி ஒரு பள்ளி வண்டியில் வேலை பார்த்தாள். காலையிலும் மாலையிலும் குழந்தைகளை ஏற்றி இறக்கி, கையைப் பிடித்துச் சாலையைக் கடத்தி, வாசலில் நிற்கும் தாயிடம் ஒப்படைக்கிற வேலை. குழந்தைகள் அவளை வண்டியக்கா என்று கூப்பிடும். நாளெல்லாம் நிற்கிற காலுக்கு எவனோ தைத்த செருப்பு ஆகாது என்பது மாஸ்டரின் கட்சி.

அந்தக் கடையில் ஒரு முறை உண்டு. நிரந்தர வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அவர் பாதத்தின் வடிவில் ஒரு ஜோடி மர அச்சு இருக்கும். அதன் மேல்தான் தோலை இழுத்துப் பிடித்துத் தைப்பார்கள். பாதம் சற்றுப் பருத்தால் புது அச்சு செதுக்குவதில்லை; பழைய அச்சின் மேலேயே தோல் துண்டை ஒட்டிச் சீவி அளவைக் கூட்டிக்கொள்வார்கள். தைத்து முடிந்ததும் உட்புறம், குதிகால் படுகிற இடத்தில், இரும்பு முளையை வைத்துத் தட்டி அளவின் எண்ணைப் பதிப்பார்கள். வண்டியக்காவின் எண் ஐந்து.

ஐந்தாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பொய் தொடங்கிய நாள் மாஸ்டருக்கு நன்றாக நினைவிருந்தது. கல்யாணமான புதிதில் அவர் வாங்கிப் போட்ட மோதிரம் அவள் விரலில் இறுகிப்போய், எண்ணெய்க்கும் சோப்புக்கும் மசியாமல், கடைசியில் நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தார்கள். கடையில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "என் விரல் என்ன விரலா, வாழைப்பழமா?" என்று கடைக்காரரிடம் கேலி பேசினாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் உட்கார்ந்து அழுதாள்.

அன்று சாயங்காலம் அந்த வருஷச் செருப்புக்கு அளவெடுக்கவேண்டியிருந்தது. மாஸ்டர் தரையில் பழுப்புத் தாளை விரித்து, அவள் பாதத்தை அதன் மேல் வைத்துச் சுற்றிலும் பென்சில் கோடு இழுத்தார். நாடாவை வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பழைய அளவைத் தாண்டி நின்றது.

"எவ்வளவுங்க?" என்றாள் அவள். குரலில் அழுகையின் ஈரம் இன்னும் காயவில்லை.

மாஸ்டர் நிமிரவில்லை. "அதே அஞ்சுதான்."

"நெஜமாவா?"

"செருப்பு தைக்கிறவன் பொண்டாட்டி கால் அளவுலேயே பொய் சொன்னா, அப்புறம் ஊர்ல எவன் காலை நீட்டுவான்?"

அவள் சிரித்துவிட்டாள். அழுத முகத்தில் வந்த அந்தச் சிரிப்பு மாஸ்டருக்குப் பெரிய வரவாகத் தெரிந்தது. மறுநாள் ஆறாம் எண் அளவில் செருப்பு தைத்து, உள்ளே ஐந்து என்று பதித்தார். கெட்ட எண்ணத்தோடு சொன்ன பொய்யை மனசாட்சி நாலு நாளில் பிடித்துவிடும். அன்போடு சொன்ன பொய்யோ அன்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அடுத்த வருஷமும் தோல் துண்டு ஒட்டவேண்டி வந்தது. அதற்கடுத்த வருஷமும். கடையில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊசி என்று பெயர். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். அவர் ஒருநாள் அந்த அச்சைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், மரத்துக்கு வீக்கம் கண்டிருக்கு? உள்ள அஞ்சுன்னு அடிக்கிறீங்க, வெளிய ஏழு தெரியுது."

"உன் வேலையைப் பாருப்பா."

"பாக்கறேன். வளர்றது வீட்டுக்காரம்மாவா, உங்க பொய்யான்னுதான் புரியல."

மாஸ்டர் அச்சைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார். ஆனால் அந்தக் குத்து உள்ளே தங்கிவிட்டது. வயது ஏறினால் பாதம் கொஞ்சம் அகலும், கொஞ்சம் தட்டையாகும், அரை எண் கூடலாம். வருஷாவருஷம் கூடிக்கொண்டே போகாது. எத்தனையோ பேர் காலைக் கையில் ஏந்தியவருக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும், யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அடுத்த தோல் துண்டை எடுத்துச் சீவினார்.

மற்ற மாற்றங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் கிடைத்தது. தலைவலிக்கு வெயில். வியர்வைக்கு மாதவிலக்கு நின்றுபோனது. குறட்டைக்கு உடம்பு போட்டது. பிரார்த்தனைக் கூடத்துப் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்று உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தவள், குரல் கட்டையாகிப் பின்வரிசைக்குப் போனாள், அதற்குச் சளி. தெருமுனை டாக்டர் தலைவலிக்கு மாத்திரை எழுதினார், சர்க்கரை ஏறியிருக்கிறது என்று இனிப்பைக் குறைக்கச் சொன்னார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதைத் தினம் பார்க்கிறவர்கள் யாரும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு மாலையில் அது நடந்தது. வண்டியை நிறுத்தி, ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியக்கா சாலையில் இறங்கினாள். இடப்பக்கத்திலிருந்து வந்த சைக்கிள் நேராக அவர்கள் மேல் மோதியது. சைக்கிள்காரர் ஒரு பக்கம் விழ, குழந்தை முட்டி தேய விழுந்து வீறிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் வண்டியக்கா நடுச்சாலையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள்.

"அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லைங்க. வெறும் ரோடு. சத்தியமா வெறும் ரோடு."

குழந்தையின் தாய் ஓடி வந்தவள், முதலில் குழந்தையைத் தூக்கினாள், பிறகு குனிந்து வண்டியக்காவின் தோளையும் தொட்டாள். "எழுந்திரிங்க அக்கா. பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. நீங்க முதல்ல எழுந்திரிங்க." அந்த நேரத்தில் திட்டுவதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

அவளை வீட்டில் கொண்டுவந்து விட்ட வண்டி ஓட்டுகிறவர் மாஸ்டரைத் தனியே அழைத்தார். "அக்கா மேல தப்பில்ல மாஸ்டர். திரும்பிப் பார்த்தாங்க, நான் கண்ணாடியில பார்த்தேன். பார்த்துட்டும் நடந்தாங்க. கண்ணைக் காட்டுங்க. நாளைக்கே காட்டுங்க."

பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் அவளை ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். மாஸ்டர் பின்னால் நின்று பார்த்தார். புள்ளிகள் ஓரத்தில் வந்தன, போயின; அவள் விரல் அசையவே இல்லை. சரியாகச் செய்கிறோம் என்ற திருப்தியோடு அவள் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணுக்கும் வெளிப்பக்கம் முழுக்க இருட்டு என்று வந்தது. கண் டாக்டர் அவள் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, உடனே மாடியில் ஹார்மோன் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

அந்த டாக்டர் நடுத்தர வயதுப் பெண். "வாங்கம்மா" என்று அவள் கையைப் பிடித்தவர் சட்டென்று விடவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், பல்லைக் காட்டச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். பல் இடுக்கு அகன்றிருக்கிறதா, மோதிரம் இறுகியதா என்று கேட்டார்.

"வெட்டித்தான் எடுத்தோம் டாக்டர்."

"செருப்பு அளவு? முன்னைவிடக் கூடியிருக்கா?"

வண்டியக்காவின் முகம் மலர்ந்தது. "அது மட்டும் மாறவே இல்ல டாக்டர். கல்யாணம் ஆனப்ப என்னவோ அதேதான். இவர்தான் தைக்கிறார். பாருங்க, உள்ள நம்பர் அடிச்சிருக்கு." செருப்பைக் கழற்றி, இரு கையாலும் ஏந்தி, பெருமையோடு நீட்டினாள்.

டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். மறுபடி செருப்பைப் பார்த்தார். எழுதப் போன பேனா அப்படியே நின்றது.

மாஸ்டர் அதைப் பார்த்தார். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த ஒரு கணம் கடந்துபோகும். டாக்டர் வேறு ஏதாவது கேட்பார். ஆண்டவனே, என்றார் மனசுக்குள். வேறு எதுவும் வேண்டத் தோன்றவில்லை.

"அது பொய் டாக்டர்," என்றார். "அது எட்டு. நான்தான் அஞ்சுன்னு அடிக்கிறேன். பல வருஷமா."

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி அவரைப் பார்க்கத் திரும்பினாள். ஓரக்கண்ணால் பார்க்க அவளுக்கு இனி வழியில்லை; முகம், தோள், உடம்பு எல்லாம் திரும்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் திருப்பம் முடிய வெகு நேரம் ஆனது போல மாஸ்டருக்குத் தோன்றியது.

டாக்டர் திட்டவில்லை. செருப்பைக் குனிந்து தானே அவள் காலடியில் வைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக்கொடுத்தார்.

முடிவுகள் வந்த அன்று இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். "மாஸ்டர், உங்க கடையில முதலாளி நேரா எல்லார்கிட்டயும் வேலை சொல்வாரா?"

"இல்லைங்க. என்கிட்ட சொல்வார். நான் மத்தவங்ககிட்ட சொல்வேன்."

"உடம்புலயும் அப்படித்தான். மூளைக்கு அடியில ஹைபோதாலமஸ்னு ஒரு சின்ன இடம். அதுதான் முதலாளி. உடம்புல சூடு எவ்வளவு, பசி எவ்வளவு, தாகம் எவ்வளவுன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். அதுக்குக் கீழ ஒரு காம்புல தொங்குற மாதிரி, பட்டாணி அளவுக்கு பிட்யூட்டரி சுரப்பி. அது மாஸ்டர். முதலாளி காதோட சொல்றதைக் கேட்டு, ரத்தத்து வழியா எல்லா இடத்துக்கும் ஆணை அனுப்பும். கழுத்துல தைராய்டுக்கு ஒண்ணு, சிறுநீரகத்து மேல இருக்கிற அட்ரீனலுக்கு ஒண்ணு, சினைப்பைக்கு ஒண்ணு. வளர்ச்சிக்குன்னு ஒரு ஹார்மோன் தனியா உண்டு."

"வேலை முடிஞ்சா யாருங்க நிறுத்துறது?"

"நல்ல கேள்வி. வேலை ஆனதும் கீழேயிருந்து 'போதும்'னு ரத்தத்துலயே தகவல் மேல வரும். முதலாளியும் கையைக் காட்டுவார், மாஸ்டரும் நிறுத்திடுவார். இவங்களுக்கு அந்த மாஸ்டர்கிட்ட ஒரு கட்டி. புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க. ஆனா அது செவிடு. போதும்னு யார் சொன்னாலும் கேக்காம வளர்ச்சி ஹார்மோனை ஊத்திக்கிட்டே இருக்கு. அன்னைக்கு இனிப்புத் தண்ணி குடிக்கக் குடுத்து ரத்தம் எடுத்தோமே, அது நாங்க 'போதும்' சொல்லிப் பார்க்கிறதுதான். நல்ல சுரப்பி அடங்கியிருக்கும். இது அடங்கல. வளர்ற பிள்ளைக்கு வந்தா உயரமாயிடும். வளர்ந்து முடிஞ்சவங்களுக்குக் கை, கால், மூக்கு, தாடைன்னு பெருத்துக்கிட்டே போகும்."

"அப்ப கண்ணு?" என்றாள் வண்டியக்கா.

"கண் நரம்பு ரெண்டும் அந்தச் சுரப்பிக்கு நேர் மேலதான் கூடிப் பிரியுது. கட்டி கீழேயிருந்து முட்டுது. மூக்கு வழியாவே போய் எடுத்துடலாம்."

மாஸ்டர் கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கட்டி சின்னதா இருந்திருக்கும். தப்பிச்சிருக்கலாம். ஆனா ஒண்ணு, செருப்பு சின்னதாப் போகுதுன்னு யாரும் டாக்டர்கிட்ட வர்றதில்ல, பெரிய செருப்பாத்தான் வாங்குவாங்க. எல்லாத்தையும் நீங்களே தலையில தூக்கி வெச்சுக்காதீங்க."

இரக்கத்தோடு சொன்ன வார்த்தை. மாஸ்டர் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் தலையிலிருந்து எதுவும் இறங்கவில்லை.

வீட்டில் அவள் பேசவில்லை. சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், மேசை ஓரத்தில் இருந்த தம்ளரைத் தெரியாமல் தட்டிவிட்டுத் துடைத்தாள். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள், துணிகளைப் பையில் அடுக்கும்போது மாஸ்டர் அருகே போய் நின்றார்.

"நீ அழுதது தாங்கல. அதான் சொன்னேன். வேற ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்றாள் அவள். மடித்த புடவையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "நான் தினம் கண்ணாடி பார்க்கலையா? தாடை இப்படி வந்து நிக்குது, குரல் ஆம்பளைக் குரல் மாதிரி ஆயிடுச்சு, எனக்குள்ள என்னமோ நடக்குதுன்னு எனக்குத் தெரியும். பயந்து பயந்து செத்தேன். ரெண்டு தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னு கிளம்பினேன். வாசல்ல செருப்பை மாட்டுறப்ப அந்த நம்பர் கண்ணுல படும். அஞ்சு. கால் வளரலையே, அப்ப இது வெறும் சதைதான், வயசுதான்னு திரும்ப உள்ள வந்துட்டேன்."

அவள் புடவையைப் பையில் வைத்தாள்.

"ஊர்ல யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். நீங்க அடிச்ச நம்பர்னுதான் நம்பினேன்."

அதற்குமேல் அவள் கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியில் பெரும்பகுதி வந்துவிட்டது. தலைவலி விட்டது, வியர்வை அடங்கியது, விரல்களின் வீக்கம்கூடச் சற்று வற்றியது. கண்ணின் ஓரங்களில் மட்டும் இருட்டு விலகவில்லை. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்துவிட்டது என்றார்கள். சுரப்பியின் நல்ல பகுதியும் சோர்ந்துபோனதால், அது அனுப்ப வேண்டிய ஆணைகளுக்குப் பதிலாகத் தினமும் மாத்திரை. காய்ச்சல் கண்டால் அந்த மாத்திரைகளில் ஒன்றை இரட்டிப்பாகப் போட வேண்டும், ஒருநாளும் விடக்கூடாது, விட்டால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். சொல்லி முடித்ததும் மாஸ்டர் அதையே மனைவிக்குத் திருப்பிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு, நர்ஸ் பக்கம் முழுதாகத் திரும்பி, "அப்படித்தானேம்மா?" என்றாள்.

அதுதான் வழக்கமாகிவிட்டது. பால் திரியவில்லை என்று அவர் சொன்னால் முகர்ந்து பார்த்தாள். கதவு சாத்தியிருக்கிறது என்றால் போய்த் தொட்டுப் பார்த்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. நெஞ்சில் ஏதோ ஒன்று உடைந்திருந்தது, அது தானாகச் செய்தது. மாஸ்டர் ஒவ்வொரு முறையும், போய்ப் பார், என்று வழிவிட்டு நின்றார்.

பள்ளி வண்டி வேலை போயிற்று. சாலை கடத்த ஓரக்கண் இல்லாத ஆளை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? ஆனால் வண்டி ஓட்டுகிறவர் காலையில் அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்துவார். "பக்கவாட்டுல போய் நிக்காதீங்க பசங்களா, அக்காவுக்கு நேரா நில்லுங்க," என்று அவர் சத்தம் போடுவது கேட்கும். முட்டியில் தழும்போடு அந்தச் சிறுமியும் இறங்கி வந்து, நேராக நின்று, கையை ஆட்டுவாள். அவர்கள் போன பிறகு வண்டியக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். இப்படிப்பட்ட சின்னச் சின்ன இரக்கங்களால் போன கண் திரும்பிவிடுவதில்லை. ஆனாலும் அவை வராத காலைகளில் அவள் எழுந்திருக்க இன்னும் கொஞ்சம் நேரமானது.

அடுத்த பரிசோதனைக்குப் போன நாளில், டாக்டர் அவள் காதில் விழாதபடி மாஸ்டரிடம் நடைவழியில் சொன்னார்: சதை வீக்கம் இன்னும் கொஞ்சம் குறையும், எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான். "மெதுவா நீங்களே சொல்லிடுங்க," என்றார்.

வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில், சாலை ஓரமாக நின்றார்கள். அவள் கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க? இந்த முகம் பழையபடி வருமா?"

வரும் என்று சொல்வது எவ்வளவு சுலபம்! அவள் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும், நடுக்கம் நின்றுவிடும். அந்த வார்த்தை மாஸ்டரின் தொண்டைவரை வந்தது.

"வராது," என்றார்.

அவள் முழுதாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மூக்கு கொஞ்சம் சின்னதாகும். உதடும் குறையும். தாடை இப்படியேதான் இருக்கும். நெத்தி மேடும் போகாது. காலும் எட்டுதான், இனி குறையாது." சொல்லச் சொல்ல அவருக்குத்தான் கண் நிரம்பியது. "கண்ணும் இவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க."

அவள் அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் பார்க்க, மறைக்காமல் அழுதாள். மாஸ்டர் தேற்றவில்லை. தேற்றுவதற்கு அவரிடம் உண்மையான வார்த்தை ஒன்றும் இல்லை. பொய்யானதை எடுக்க அவருக்கு மனம் இல்லை. பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாலைப் பக்கம் திரும்பினாள். எப்போதும்போல இரண்டு பக்கமும் உடம்பைத் திருப்பிப் பார்ப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் திரும்பவில்லை. நேராகப் பார்த்தபடியே கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன வருது?"

"இடது பக்கம் ஒரு லாரி. நில்லு."

நின்றாள்.

"இப்ப?"

"இன்னும் ஒரு சைக்கிள் வருது. கொஞ்சம் நில்லு."

அவள் நின்றாள்.